முதலில் தரை தொட்ட கால்

கர்னல் நினியன் ஓகில்வி ஊருக்குப் போகப்போகிறார் என்று யாராவது சொன்னால், மாஸ்கோவில் வெளிநாட்டுக்காரர்களுக்கென்று ஒதுக்கிய எங்கள் யாவுஸா ஆற்றங்கரைக் குடியிருப்பில் பீர் குடித்துக்கொண்டிருப்பவர்கள் குவளையைக் கீழே வைக்கக்கூட மாட்டார்கள். வருடாவருடம் பனி உருகும் காலத்தில் வருகிற செய்தி அது. பனி போய்விடும், கர்னல் இருப்பார்.

ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில், கடலைப் பார்த்த கல்வீடு ஒன்றில் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தவர். மூத்தவனுக்கு வீட்டைக் கொடுத்தார்கள், இவருக்கு ஒரு வாளைக் கொடுத்து வாசலைக் காட்டினார்கள். வாளோடு போய் சுவீடன் ராஜாவுக்காகப் போலந்துக்காரர்களைச் சுட்டார். அவர்கள் இவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். சிறைச் சாப்பாடு பிடிக்கவில்லை என்பதால் போலந்து ராஜாவுக்காகச் சுவீடன்காரர்களைச் சுட்டார். அப்புறம் மாஸ்கோவிலிருந்து ஆள் பிடிக்க வந்த ஒருவன், "மூணு வருஷம் இருந்தாப் போதும், அதுக்கப்புறம் உங்க இஷ்டம்" என்றான். அதை நம்பியதுதான் கர்னல் செய்த பெரிய தவறு. மற்ற தவறுகளிலிருந்தெல்லாம் குதிரையேறித் தப்பிவிட முடிந்தது.

மாஸ்கோவுக்குள் வருவதற்கு ஒரு சிரமமும் இல்லை. ஜார் மன்னருக்கு வெளிநாட்டு அதிகாரிகள் மேல் அப்படியொரு பிரியம். ஒருவரையும் திருப்பி அனுப்ப மனசு வராது. செத்தவர்களைக்கூட இங்கேயேதான் வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனாலும் மனு போடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். மனுவுக்கு ஒரு முறை உண்டு. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் தன் பெயரைக் கைக்குழந்தையைக் கூப்பிடுவதுபோலக் குறுக்கி, அடிமை என்று சேர்த்து, நெற்றியைத் தரையில் மோதுவதாக எழுத வேண்டும். "உங்கள் அடிமை நினியன்கோ நெற்றி தரையில் பட வேண்டுகிறான், அவனை ஊருக்கு அனுப்புங்கள்." முதல் தடவை அப்படி எழுதக் கர்னலுக்குக் கை கூசியது. போகப்போகப் பழகிவிட்டது. "எழுதறது நினியன்கோ. அவன் வேற ஆளு. அவனுக்கு மானம் ரோஷம் கிடையாது" என்பார்.

மனுக்களுக்குப் பதிலே வரவில்லை என்று சொன்னால் பாவம். ஒருமுறை பதவி உயர்வு வந்தது. இன்னொரு முறை, துருக்கியர்கள் முற்றுகை போடவிருந்த கோட்டை ஒன்றைக் காக்கும் கௌரவம் வந்தது.

இப்படி இருக்கையில், ஓர் இலையுதிர் காலத்தில் ஆர்க்கேஞ்சல் துறைமுகத்திலிருந்து வந்த கம்பளி வியாபாரி ஒருவர் செய்தி கொண்டுவந்தார். கர்னலின் அண்ணன் ஆர்தர் செத்துப்போனார். பிள்ளைகள் இல்லை. வீடு நினியனுக்கு. ஆனால் சித்தப்பா மகன் வால்டர், நினியன் எப்போதோ போலந்துச் சிறையில் செத்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறான். அடுத்த கோடைக்குள் நினியன் ஆளாக வந்து நின்று, ஊர் வழக்கப்படி உரிமைக்கு அடையாளமாக அந்த வீட்டு மண்ணையும் கல்லையும் கையில் வாங்கினால் உண்டு. இல்லாவிட்டால் வீடு வால்டருக்கு.

கர்னல் அழுதார். அண்ணனுக்காக அழுகிறார் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அண்ணன் முகமே அவருக்குச் சரியாக நினைவில்லை. அவர் அழுதது அந்த வீட்டின் மூன்றாவது மாடிப்படிக்காக. சின்ன வயதிலேயே அது ஆடும். எங்கள் குடியிருப்பில் அந்தப் படியைப் பற்றிக் கேள்விப்படாதவர் கிடையாது. டச்சு மருந்துக்கடைக்காரரிடமும் சொல்லியிருக்கிறார், சவரம் செய்கிற ஜெர்மானியரிடமும் சொல்லியிருக்கிறார். "போனதும் முதல் வேலை, கோட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி, அந்தப் படிக்கு என் கையால ஒரு ஆப்பு அடிக்கணும்." ஐம்பத்தாறு வயது ஆளுக்கு இதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் பாக்கியில்லை. அந்தப் படியில்தான் இப்போது வால்டர் ஏறப்போகிறான்.

அந்தக் குளிர்காலத்தில் தூதர்கள் துறையின் பெரிய எழுத்தர் பஹோம் லூக்கிச் அவரைக் கூப்பிட்டனுப்பினார். பஹோம் லூக்கிச் மெல்லிய குரல்காரர். யாரையும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. எல்லோரையும் அவரவர் அப்பா பெயரோடு சேர்த்து மரியாதையாகத்தான் கூப்பிடுவார். அவர் சைபீரியாவுக்கு அனுப்பியவர்கள்கூட அதை ஒப்புக்கொள்வார்கள்.

"வாங்க நினியன் அந்திரேயிச், உக்காருங்க. உங்க மனுவெல்லாம் என் பெட்டியிலதான் இருக்கு. பத்திரமா."

"பத்திரமா இருக்க வேணாம் ஐயா. மேல போனாப் போதும்."

"போகும், போகும். போலந்துத் தூதர் வர்றாரு. ஊர் எல்லையில எதிர்கொண்டு வரவேற்கப் போறது நீங்க. போன தடவை நடந்தது தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? வரவேற்கிறவரும் வருகிறவரும் குதிரையிலிருந்து இறங்கிக் கைகுலுக்க வேண்டும். யாருடைய கால் முதலில் தரையைத் தொடுகிறதோ, அவருடைய ராஜா சின்ன ராஜா. இரண்டு தேசங்களும் வருடக்கணக்காகச் சண்டை போட்டு, ஊர் ஊராகக் கொளுத்தியும் முடிவாகாத விஷயம் இதில் கண்மூடித் திறப்பதற்குள் முடிவாகிவிடும். போன தடவை வரவேற்கப் போன நம் ஆளுக்குச் சேணத்து வளையமான அங்கவடியில் கால் வழுக்கிவிட்டது. அவர் இப்போது சைபீரியாவில் கொசு அடித்துக்கொண்டிருக்கிறார்.

"தூதர் கால் முதல்ல தரையில பட்டுச்சுன்னா, உங்க மனு மறுநாளே ஜார் பாதத்துல" என்றார் பஹோம் லூக்கிச்.

"சத்தியமா?"

பஹோம் லூக்கிச் மூலையில் இருந்த புனிதர் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த அறையில் இதுவரை எத்தனை சத்தியங்கள் நடந்தன என்பது அந்தப் புனிதருக்குத்தான் வெளிச்சம்.

கர்னல் பயிற்சியில் இறங்கினார். இல்லை, இறங்காமல் இருக்கும் பயிற்சியில். இடது கால் அங்கவடியில், வலது கால் அந்தரத்தில், வயிறு சேணத்தின் மேல். அந்த நிலையில் தொங்கியபடி கண்ணியமாகத் தெரிய வேண்டும். தினமும் முற்றத்தில் தொங்கினார். குடியிருப்பே வேலியோரம் நின்று பார்த்தது. மருந்துக்கடைக்காரர் முழங்காலுக்கு ஏதோ கொழுப்பைத் தடவிவிட்டார். குதிரைதான் பாவம், என்ன நடக்கிறதென்று அதற்குக் கடைசிவரை புரியவில்லை.

வரவேற்பு நாள் வந்தது. எச்சில் துப்பினால் கல்லாகி விழும் குளிர். எல்லையில் பஹோம் லூக்கிச் முன்யோசனையோடு ஒரு வேலை செய்திருந்தார். இறங்கும் இடத்தில் இருந்த பனியை விளக்குமாறு வைத்துப் பெருக்கி, கறுப்பு மண் தெரிகிற வரைக்கும் சுரண்டி வைத்திருந்தார். "எங்கள் கால் பனியில்தான் பட்டது, தரையில் படவில்லை" என்று போலந்துக்காரர்கள் நாளைக்கு வாதாடக்கூடாது அல்லவா?

தூதரின் ஊர்வலம் வந்தது. சிறுத்தைத் தோல் விரித்த வெள்ளைக் குதிரைமேல், தொப்பிக்கும் கம்பளிக் காலருக்கும் நடுவில், சிவந்து வீங்கிய பெரிய மூக்கு ஒன்று தெரிந்தது. கர்னல் அதை உற்றுப் பார்த்தார். உலகத்தில் அப்படியொரு மூக்கு ஒன்றுதான் உண்டு. அது காவின் ஹேயுடையது. பக்கத்து வீட்டுக் காவின். இவரோடு ஒரே கப்பலில் ஏறி, ஒரே ராஜாவுக்குச் சுட்டு, ஒரே சிறையில் கஞ்சி குடித்தவன். மாஸ்கோக்காரன் வந்தபோது "எனக்குக் குளிர் ஆகாது" என்று போலந்திலேயே தங்கிவிட்டவன். புத்திசாலி.

முதலில் இரண்டு பக்கமும் தங்கள் தங்கள் ராஜாவின் பட்டங்களை வாசித்தார்கள். ஒரு ஆட்டை அறுத்துச் சமைத்துச் சாப்பிட்டு முடிக்கும் நேரம் ஆனது. பிறகு இருவரும் சேணத்தில் எழுந்தார்கள். வலது காலைத் தூக்கிக் குதிரையின் பின்பக்கமாகச் சுழற்றினார்கள். இருவருமே அந்தரத்தில் நின்றார்கள். இரண்டு தரப்பு எழுத்தர்களும் தரையில் குப்புறப்படுத்து, பூட்ஸுக்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் கண்காணித்தார்கள்.

கர்னல் தன் ஊர்ப் பேச்சில், மெதுவாக, "காவின், நீயாடா?" என்றார். அந்தப் பேச்சு அங்கே வேறு ஒருவருக்கும் தெரியாது.

"நானில்ல, போப்பாண்டவர். ஏன்டா பல்ல காட்டற? உன் ஆளுங்க பாக்கறாங்க, மூஞ்சியக் கடுப்பா வச்சுக்கோ."

கர்னல் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எப்படிடா இருக்க?" என்று கர்ஜித்தார். கீழே படுத்திருந்த மாஸ்கோ எழுத்தர் ஒருவர் நடுங்கிப்போய், 'கர்னல் கடுமையாக எச்சரித்தார்' என்று குறித்துக்கொண்டார்.

"கால் கட்டைவிரல்ல வாதம்டா! ஒயின் குடிச்சா வரும்னான் வைத்தியன்!" என்று தூதர் பதிலுக்குக் கத்தினார்.

"விட்டுட்டியா?"

"வைத்தியனை விட்டுட்டேன்!"

"அப்ப இறங்கித் தொலையேன்டா, வலியோட எதுக்குத் தொங்கற?"

"நீ இறங்கு. நான் முதல்ல இறங்கினா எங்க ராஜா லித்துவேனியாவுல எனக்குத் தர்றேன்னு சொன்ன ரெண்டு கிராமம் போச்சு. குளம் இருக்கு, குளத்துல மீன் இருக்கு, ஒரு மாவு மில்லு. வயசாச்சுன்னா உக்காந்து திங்க ஒரு இடம் வேணாமா எனக்கு?"

கர்னலின் முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரரின் கொழுப்பு குளிரில் உறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சநேரம்தான் தாங்கும்.

"ஆர்தர் செத்துட்டான்டா" என்றார்.

தூதரின் முகம் ஒரு கணம் கடுமையை மறந்தது. "அடப்பாவமே. நல்ல மனுஷன். என்னைக் கிணத்துல தள்ளிவிட்டதே அவன்தான்."

"வீடு எனக்கு. கோடைக்குள்ள நான் போய் நிக்கணும். உன் கால் முதல்ல பட்டா என்னை விடறாங்களாம். இல்லேன்னா வீடு வால்டருக்கு."

"எந்த வால்டர்? பாதிரியார் தோட்டத்துல நாம ஆப்பிள் திருடினத வத்தி வச்சானே, அந்த வால்டரா?"

"அவனேதான்."

அன்று காலையிலிருந்து நடித்துக்கொண்டிருந்த தூதருக்கு அப்போதுதான் நிஜமாகவே கோபம் வந்தது. முகம் மூக்கின் நிறத்துக்கு மாறியது. "அந்தப் பய அந்த வீட்டுல காலை நீட்டித் தூங்கறதா? உங்கம்மா கையால நான் பாதி நாள் சாப்பிட்ட வீடுடா அது." மூச்சை இழுத்து விட்டார். "நல்லாப் பாத்துக்கோ நினியன். என் மில்லு, என் மீனு, எல்லாம் இந்தக் கால்ல போகுது." சொல்லிவிட்டு, வீங்கிய காலைப் பெருக்கி வைத்த கறுப்பு மண்ணில் ஓங்கி வைத்தார். வலியில் அவர் போட்ட சத்தம் மாஸ்கோ மதில்வரைக்கும் கேட்டிருக்கும்.

படுத்திருந்த எழுத்தர்கள் துள்ளி எழுந்தார்கள். போலந்துத் தரப்பின் செயலாளராக வந்த பாதிரியார் குனிந்து, "இது பனி" என்று ஆரம்பித்தார். பிறகு மண்ணைப் பார்த்தார். பஹோம் லூக்கிச் புன்னகையோடு ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் கையில் கொடுத்தார்.

சொன்னது சொன்னபடி மனு மறுநாளே ஜார் பாதத்துக்குப் போனது. கர்னல் மூட்டை கட்டினார். ஒரு சுத்தியலை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி மேலே வைத்தார். ஒரு வாரத்தில் பதில் வந்தது. பஹோம் லூக்கிச் அதை நேரிலேயே கொண்டுவந்தார், கூடவே விலையுயர்ந்த ரோமக் கோட்டு ஒன்றையும்.

"வாழ்த்துகள், ஜெனரல்!"

"நான் கர்னல்."

"நேத்துவரைக்கும். வெறும் குரலாலயே போலந்துத் தூதரைக் குதிரையிலிருந்து தள்ளின ஆளுன்னு ஜாருக்கு அப்படி ஒரு சந்தோஷம். இனிமே எந்த நாட்டுத் தூதர் வந்தாலும் எதிர்கொள்றது நீங்கதான், ஆயுசு பரியந்தம். இப்பேர்ப்பட்ட ஆளை யாராவது ஊருக்கு அனுப்புவாங்களா, சொல்லுங்க?"

"ஐயா, நான் தோத்திருந்தா?"

"சைபீரியா போயிருப்பீங்க."

"ஜெயிச்சா இங்க, தோத்தா அங்க. ஊருக்குப் போறதுக்கு எதுதான்யா வழி?"

பஹோம் லூக்கிச் உண்மையிலேயே யோசித்தார். "அது எங்க துறை வேலையில்லையே" என்றார் வருத்தத்தோடு.

ஜெனரல் ரோமக் கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் கட்டிலைவிட்டு எழவில்லை. குடியிருப்பே வந்து வாழ்த்திவிட்டுப் போனது. அவர் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒருவனுடைய மில்லையும் மீனையும் பிடுங்கித் தனக்கு ஒரு கோட்டு வாங்கிக்கொண்டோமே என்ற வெட்கம் அவரைத் தின்றது.

வசந்தத்தில் வார்சாவிலிருந்து ஆள் வந்தான். அதுவரை மாஸ்கோவிலேயே தங்கியிருந்த காவின் ஹே இனி தூதரல்ல. இரண்டு கிராமங்களும் அவருக்கு இல்லை. ராஜாவின் மானத்தைத் தரையில் வைத்த அந்தக் கால் போலந்து மண்ணில் இனிமேல் படக்கூடாது, அது எங்கே பிறந்ததோ அங்கேயே போகட்டும்.

ஆக, ஊருக்குப் போகத் துடித்தவருக்குப் பதவி உயர்வு. ஊர் என்றாலே முகம் சுளிப்பவருக்கு ஊர். அரசாங்கங்கள் இரண்டும் கலந்து பேசிச் செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.

"எனக்கு அங்க என்னடா இருக்கு?" என்று கத்தினார் காவின். "எங்க வீடு இடிஞ்சு ஆடு மேயுதாம். மழை. ஓட்ஸ் கஞ்சி. சாயங்காலம் கொஞ்சம் மாறுதலுக்கு மறுபடி மழை!"

அவரை ஆர்க்கேஞ்சல் வரை கொண்டுபோய்க் கப்பலேற்றும் பொறுப்பை ஜெனரலிடமே கொடுத்தார்கள். கூடவே ஒரு படைப்பிரிவும் ஓர் எழுத்தரும். முன்னாள் தூதருக்கு மரியாதை என்று சொன்னார்கள். வீரர்கள் வழி நெடுக முன்னாள் தூதரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெனரலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

துறைமுகத்தின் பாய்மரங்கள் கண்ணுக்குத் தெரிந்தபோது ஜெனரல் குதிரையை நெருக்கி ஓட்டினார்.

"காவின், எங்க வீட்டு மாடிப்படியில எது ஆடும்?"

"மூணாவது. அதுல தடுக்கித்தானே என் முன்பல்லு போச்சு. எதுக்குக் கேக்கற?"

"கடல் காத்து எந்த ஜன்னல்ல வரும்?"

"சமையக்கட்டு ஜன்னல்ல. உங்கம்மா பழைய துணிய அடைச்சு வைப்பாங்க. என்னடா உனக்கு?"

"ஊரை விட்டு வந்தப்ப நம்ம ரெண்டு பேருக்கும் மீசைகூட முளைக்கலை. நம்மளத் தெரிஞ்ச பெரியவங்கல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு. இப்ப நீ போய், நான்தான் நினியன் ஓகில்வின்னு நின்னா இல்லேன்னு சொல்ல யாரு இருக்கா?"

"வால்டர் இருக்கானே!"

"அவன் சொன்னா ஊர்ல எவன் நம்புவான்? அவன்தான் நான் செத்துட்டேன்னு சொன்னவனாச்சே."

காவின் குதிரையை நிறுத்திவிட்டார். ஜெனரல் விரலிலிருந்த அப்பாவின் முத்திரை மோதிரத்தைத் திருகிக் கழற்றினார். பல வருடமாகக் கழற்றாதது. தோலோடு வந்தது.

"அப்ப நீ யாருடா?" என்று கேட்டார் காவின்.

"நான் நினியன்கோ. இத்தனை வருஷமா இங்க வேலை பாக்கறதே அவன்தான். பெரிய மனுஷன் நினியன் ஓகில்வி சும்மாத்தான் இருந்தான், அவனாவது ஊர் போய்ச் சேரட்டும்."

படகுத்துறையில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். எழுத்தர் பழக்கதோஷத்தில் பேனாவோடு தரையில் குப்புறப்படுத்துவிட்டார். காவின் சேணத்தில் எழ முயன்றார். வாதக்கால் எழவிடவில்லை. ஜாரின் ஜெனரல், எந்த நாட்டுத் தூதருக்கும் முதலில் இறங்காத ஆள், இரண்டு காலும் சத்தமாகத் தரையில் படும்படி குதித்து இறங்கினார். சேற்றில் நடந்து போய் நண்பனின் அங்கவடியைக் கையால் பிடித்துக்கொண்டார். தோளைக் கொடுத்து, குழந்தையை இறக்குவதுபோல இறக்கினார். எழுத்தர் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார். பதவி போன தூதருக்கு இதை எப்படி எழுதுவதென்று விதி இல்லை. அதனால் எழுதவில்லை.

அடுத்த வருடம் பனி உருகியது. மனு போடவில்லையா என்று பீர்க் கடையில் கேட்டோம். "நினியன் ஓகில்வி ஊருக்குப் போயாச்சே" என்றார். குளிர் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

கோடைக் கடைசியில் அந்தக் கம்பளி வியாபாரி வந்தார். எங்கள் மேஜையில்தான் உட்கார்ந்தார். "ஜெனரல், ஒரு அதிசயம் கேளுங்க. உங்க பேர்லயே உங்க ஊர்ல ஒருத்தர் இருக்காரு. பெரிய மூக்கு. செத்துட்டார்னு நினைச்ச ஆளாம், திடீர்னு வந்து நின்னு, சொந்தக்காரன் ஒருத்தனை வாசல்ல வச்சே விரட்டிட்டாராம். கஞ்சியைத் திட்டிக்கிட்டேதான் சாப்பிடுவாரு, ஆனா ரெண்டு கிண்ணம்."

ஜெனரல் மேஜையைத் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

"வீட்டையும் நல்லா வச்சிருக்காரு" என்றார் வியாபாரி. "மாடிப்படியில மூணாவது படி ரொம்ப நாளா ஆடிக்கிட்டிருந்ததாம். வந்த அன்னிக்கே, கோட்டைக்கூடக் கழட்டாம, தன் கையால ஆப்பு அடிச்சு சரி பண்ணிட்டாராம். இப்ப அசையறதே இல்ல."

ஜெனரலின் சிரிப்பு நின்றது.

"அது ஆடினா ஆடிட்டுப் போகுது" என்றார். "அதைச் சரி பண்ணச் சொல்லி நான் அவன்கிட்ட சொல்லலையே."

அன்றுதான் நாங்கள் எல்லோரும் குவளைகளைக் கீழே வைத்தோம்.